ஐந்து ஒன்றுகளும் ஓர் உம்பவும்

போன மாதம் பேராதனைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்குக் கம்பஸ் கிடைத்திருக்கிறது, தங்க அறை தேடிக்கொண்டிருக்கிறோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்ததும் அந்த வாசம் மூக்கில் ஏறியது. சிவப்புத் தரைப் பொலிஷ். சீமெந்துத் தரைக்கு மெழுகு பூசி, பாதித் தேங்காய் மட்டையைக் காலால் மிதித்துத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கி வைத்திருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து, இடுப்பிலிருந்து குனிந்து, அந்த வெறும் தரைக்கு ஒரு வணக்கம் வைத்தேன். வீட்டுக்காரர் வயதான சிங்களவர். தனக்குத்தான் என்று நினைத்துப் பதறிப்போய்க் கதிரையிலிருந்து எழுந்து கை கூப்பினார். அக்கா மகள் "சித்தி, என்னாச்சு ஒங்களுக்கு?" என்று காதைக் கடித்தாள். நான் அசடு வழிந்தேன்.

வாசலில் குனிவது சின்ன வயதில் எனக்கு ஊட்டப்பட்ட பழக்கம். கட்டுகஸ்தோட்டையில், ஆற்றுக்குப் பக்கத்தில், ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் கராத்தே வகுப்பு நடந்தது. அந்த மண்டபத்துக்கும் இதே சிவப்புத் தரைதான். வெள்ளை உடுப்போடு உள்ளே போய், வெற்றிலை போட்டுத் துப்பியது போல முழங்காலிலும் பின்பக்கத்திலும் சிவப்போடு வெளியே வருவோம். அம்மா அந்தக் கறையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பார், சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பார், கடைசியில் கராத்தேயைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்.

பெண் பிள்ளையை இதற்கெல்லாம் அனுப்புவதில் அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. அப்பாவுக்குத்தான் ஆசை. அப்பா கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் விற்பனையாளர். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, மீசை முளைக்கிற வயதில் கொழுந்துக் கூடையும் வேண்டாம், கவ்வாத்துக் கத்தியும் வேண்டாம் என்று மலையிறங்கி வந்தவர். வரும்போது சிங்களத்தில் ஒரு வார்த்தை தெரியாதாம். கடையின் ஸ்டோரில் புடவைக் கட்டுகளைப் பிரித்து அடுக்குகிற வேலை. கூட வேலை செய்தவர் பியசேன மாமா. அப்பாவின் வயதுதான். இரண்டு பேரும் அந்த ஸ்டோரிலேயே படுத்து, ஒரே பார்சல் சோற்றைப் பிரித்துத் தின்று, ஒருவர் பாஷையை ஒருவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பியசேன மாமா கற்றது இரண்டு தமிழ்க் கெட்ட வார்த்தையும் "சாப்டாச்சா"வும். அப்பா கற்றது ஒரு முழுப் பாஷை. என்னை வகுப்பில் சேர்க்கச் சொன்னதும் பியசேன மாமாதான். அவருடைய மகன் வேறெங்கோ பழகி நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறானாம். அப்பாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. தன் மகளும் நெஞ்சை நிமிர்த்தி நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குப் பத்து வயது. எங்கள் பள்ளிக்கூடம் தமிழ் மொழி மூலம், ஆகவே என்னுடைய சிங்களம் முழுக்க அப்பா போட்ட பிச்சை. ஆசிரியரை எல்லோரும் சென்செய் என்றார்கள். ஒல்லியான மனிதர், பகலில் தபால் கந்தோரில் வேலை. என் பெயரைக் கேட்டார், சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார், கலகெதரப் பாதையில் இன்ன சந்தி என்று சொன்னேன். ஒருவர் நம்மை விசாரித்தால் நாமும் திருப்பி விசாரிப்பதுதானே மரியாதை? நானும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "உம்ப எந்த ஊர்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

மண்டபத்தில் வெடித்த சிரிப்பு இருக்கிறதே, அது இன்னும் காதில் இருக்கிறது.

உம்ப என்றால் நீ. வெறும் நீ இல்லை, அதற்கும் கீழே ஒரு படி. உயிருக்குயிரான கூட்டாளியை அப்படிக் கூப்பிடலாம், அது செல்லம். முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டால் செருப்பால் அடித்த மாதிரி. எங்கள் தமிழிலும் 'டேய்' அப்படித்தானே. அப்பாவுக்கு இது தெரியாது. ஸ்டோரில் பியசேன மாமா அவரை உம்ப என்றார், அவரும் பியசேன மாமாவை உம்ப என்றார், ஆகவே 'நீங்கள்' என்பதற்குச் சிங்களத்தில் உம்ப என்று முடிவு கட்டிவிட்டார். கடையில் வாடிக்கையாளர்களிடம் இந்தச் சொல்லுக்கு வேலையே வராது. அங்கே ஆண் என்றால் மஹத்தயா, பெண் என்றால் நோனா, விஷயம் முடிந்தது. சந்தியில் மரக்கறிக்காரனிடமோ மீன்காரனிடமோ அப்பா உம்ப போட்டால், தோட்டத்து மனுசன் பேசுகிற சிங்களம் இப்படித்தான் என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அப்பாவும் தான் ஏதோ பகிடி விட்டுவிட்டதாக நினைத்துச் சேர்ந்து சிரிப்பார்.

சென்செய் அன்று கோபப்படவில்லை. எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, யார் சிங்களம் சொல்லித்தந்தது என்று கேட்டார். அப்பா என்றேன். தலையை ஆட்டி, இனிமேல் என்னை சென்செய் என்று மட்டும் கூப்பிடு, பெரியவர்களை மாமா, அக்கா என்று கூப்பிடு, அந்தச் சொல் வேண்டாம் என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே என் சிங்களம் திருந்திவிட்டது. அப்பாவின் சிங்களம் திருந்தவில்லை. மாலையில் கூட்டிப்போக வந்தவர் "என்ன புள்ள சொல்லிக் குடுத்தாங்க?" என்று ஆவலாகக் கேட்டார். "குனிஞ்சு கும்புடச் சொன்னாங்க" என்றேன். அப்பாவின் சொல்லைக் கேட்டு ஒரு மண்டபம் சிரித்தது என்பதை அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? பத்து வயதிலேயே பெற்றவருக்காக வெட்கப்படக் கற்றுக்கொண்டேன். கராத்தேயில் நான் முதலில் கற்றது அதைத்தான்.

வகுப்பு முடிவில் முழங்காலிட்டு உட்கார்ந்து ஐந்து விதிகளைச் சொல்வோம். முதலில் ஜப்பானிய மொழியில், பிறகு சிங்களத்தில். குணத்தைச் செம்மையாக்கு, உண்மையின் வழியில் நில், முயற்சியைக் கைவிடாதே, மற்றவரை மதி, ரத்தம் கொதித்து எழுகிற முரட்டு வீரத்தை அடக்கு. ஏறக்குறைய இதுதான் பொருள். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு விதியும் ஹிதொத்சு என்றுதான் தொடங்கும். சிங்களத்தில் ஹித என்றால் மனம். ஆகவே ஏதோ மனமே, மனமே என்று கூப்பிட்டுப் புத்தி சொல்கிறோம் என்று இரண்டு வருடம் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஹிதொத்சு என்றால் ஒன்று. ஐந்துக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே எண். எதுவும் இரண்டாவது இல்லை, எல்லாமே முதலாவது என்று சென்செய் விளக்கினார். பள்ளிக்கூடத்தில் வரிசைக்கிரமமாக அடிவாங்கிப் பழகிய எங்களுக்கு இது புதினமாக இருந்தது.

என் பக்கத்தில் உட்காரும் பர்ஸானாவுக்கு இந்த விதிகளில் தீராத சந்தேகம். கலகெதரையிலிருந்து வருகிறவள். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே ஒரு பலசரக்குக் கடை. ஆற்றங்கரை மண்டபம் என்பதால் கண்ணை மூடி உட்காரும் நேரத்தில் நுளம்புகள் எங்களை விருந்துச் சாப்பாடாக்கிவிடும். "நுளம்ப அடிச்சா அஞ்சாவது முறியுமா சென்செய்?" என்று ஒருநாள் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டுவிட்டாள். சென்செய் யோசித்துவிட்டு, முதலில் அது கடிப்பதை ஐந்து நிமிடம் பொறுத்துப் பார், பிறகும் அடிக்கத் தோன்றினால் என்னிடம் வந்து கேள் என்றார். அவருடைய கையிலும் அப்போது இரண்டு உட்கார்ந்திருந்தன. நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாராவது இருந்தால் அது நிச்சயமாக அவர் இல்லை.

எல்லாவற்றுக்கும் 'ஒஸ்' என்று பதில் சொல்லவேண்டும். ஆமாம் என்பதற்கும் ஒஸ், விளங்கியது என்பதற்கும் ஒஸ், மூக்கில் குத்து வாங்கினாலும் ஒஸ். ஒருநாள் வீட்டில் அம்மா "சம்பல் இன்னும் வைக்கவா?" என்று கேட்க, பழக்கத்தில் ஒஸ் என்றேன். அகப்பையால் தலையில் ஒன்று கிடைத்தது. அதற்கும் ஒஸ்தான் வந்தது. அப்பா சோற்றுக் கையோடு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பென்றால் வீட்டுக் கூரைத் தகரம் அதிர்கிற சிரிப்பு. சிங்களத்திலும் அப்படித்தான், பஸ்ஸில் ஏறினால் சாரதியிலிருந்து பின் கதிரைவரை எல்லோரோடும் கதை. பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் பேசக்கூடாது என்பது அம்மாவின் சட்டம், அந்த நாட்கள் அப்படி. அப்பா சட்டத்தை மதித்துத் தமிழைக் குறைத்தார், சத்தத்தைக் குறைக்கவில்லை.

பதினைந்து வயதில் எனக்குக் கபிலப் பட்டி கிடைத்தது. கறுப்புக்கு முந்தியது. அப்பா அந்தப் பட்டியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பியசேன மாமாவிடமும் முதலாளியிடமும் காட்டி, யாரோ ஒரு நோனாவிடமும் காட்டிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மாலை. நல்ல மழை. வகுப்பு முடிந்து அப்பாவும் நானும் கலகெதர பஸ்ஸில் ஏறினோம். முன் பக்கம் பர்ஸானா உட்கார்ந்திருந்தாள். எங்கள் சந்திக்கு முன்பே அப்பா இறக்கச் சொல்லிவிட்டார். கொண்டக்டர் இளைஞன், புட்போர்டில் தொங்கிக்கொண்டு யாரோடோ பேச்சு. மணி அடிக்கவில்லை. பஸ் சந்தியைத் தாண்டி அடுத்த தரிப்பிடத்தில்தான் நின்றது. மழையில் அவ்வளவு தூரம் திரும்பி நடக்கவேண்டும். அப்பாவுக்கு அதில்கூடக் கோபமில்லை. இறங்கப் போகும்போது, கூட்டாளியைச் செல்லமாகக் கோபித்துக்கொள்கிற தொனியில் சிரித்துக்கொண்டே சொன்னார், "உம்பட்ட கிவ்வனே." உனக்குச் சொன்னேனே என்று அர்த்தம்.

கொண்டக்டர் பட்டென்று திரும்பி அப்பாவின் கன்னத்தில் அறைந்தான்.

பஸ் முழுக்கக் கேட்டது. யாருக்கு உம்ப, யாருக்கு உம்ப என்று அவன் கத்தினான். அப்பாவுக்கு எதற்கு அடி என்றே விளங்கவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அதுதான் உண்மை. யாரோ ஒரு சிங்களக் கிழவி "பவ் அனே" என்றார். பாவம் என்று எங்களுக்காகச் சொன்னது அந்தப் பஸ்ஸில் அவர் மட்டும்தான்.

நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவனுடைய விலா என் கைக்கு எட்டுகிற தூரம். என் வலது கை தானாக மூடிக்கொண்டது. கட்டைவிரல் வெளியே, மணிக்கட்டு நேராக, கற்றுத் தந்தபடி அச்சாக. அப்படியே இருந்தது. ஐந்தாவது விதி அந்த நேரம் ஞாபகத்துக்கு வந்ததா என்று கேட்டால், வரவில்லை. பயமா என்று கேட்டால், பயமும்தான். எல்லோரும் எங்களையே பார்க்கிறார்களே, சீக்கிரம் இறங்கிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் தலை முழுக்க இருந்தது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து, "பேசாம வா புள்ள" என்றார். இறங்கினோம். குடை பஸ்ஸிலேயே போய்விட்டது.

நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தோம். வாசலுக்கு வந்ததும், "அம்மாட்ட ஒன்னும் சொல்லாத. பெரேக் போட்டான், கம்பில இடிச்சிருச்சுன்னு சொல்லுவோம்" என்றார். அம்மா மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார்.

அப்பாவைப் பொறுத்தவரை அது ஒரு முரடன், ஒரு மழை நாள், ஒரு கெட்ட நேரம். இரண்டு வாரத்தில் மறுபடி மரக்கறிக்காரனோடு சிரித்துப் பேசத் தொடங்கிவிட்டார். அதோடு போயிருக்கும்.

பர்ஸானா சென்செய்யிடம் சொல்லிவிட்டாள். கோள் மூட்டவில்லை, பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. "நல்லதுக்குத்தானே செல்லின? நீ கைய ஓங்காம நின்ட எவ்வளவு பெரிய விஷயம்" என்று கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள்.

வருட முடிவில் வகுப்பில் ஒரு சின்ன விழா. பெற்றோர் எல்லோரும் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகள், பால்சோறு, கட்டச்சம்பல், வாழைப்பழம். அப்பா கடைக்குப் போடும் வெள்ளைச் சேட்டை இஸ்திரி போட்டு உடுத்தி, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சென்செய் ஐந்து விதிகளைப் பற்றிப் பேசினார். கடைசி விதிக்கு வந்ததும் என்னை முன்னால் அழைத்து நிறுத்தி, தோளில் கை வைத்தார். எனக்கு விளங்கிவிட்டது.

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. ஒரு பஸ்ஸில் ஒரு பெரியவர், நல்ல மனிதர், நம்முடைய பாஷை சரியாகத் தெரியாதவர், ஒருவரை உம்ப என்று கூப்பிட்டுவிட்டார் என்று ஆரம்பித்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் கதிரைகளிலிருந்து சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை. தமிழர் பேசும் சிங்களத்தைக் கேட்டால் வருமே, நம் பிள்ளைகளின் மழலைக்கு வருகிற மாதிரி, அந்தச் சிரிப்பு. சென்செய் கையை உயர்த்தி அடக்கிவிட்டு, தெரியாமல் சொன்ன சொல்லுக்கு மற்றவர் கையை நீட்டினார், அவரை ஒரே அடியில் கீழே வீழ்த்தக்கூடிய நம்முடைய மாணவி அங்கே நின்றாள், தன் தகப்பனுக்காகக்கூட அவள் கையை உயர்த்தவில்லை என்றார். தகப்பன் என்ற சொல் எப்படியோ வாய் தவறி வந்துவிட்டது. எல்லோரும் திரும்பி இரண்டாம் வரிசையைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்பாவும் தட்டினார். மற்றவர்கள் சிரித்தபோது அவரும் சிரித்திருந்தார், கொஞ்சம் பிந்தி. தட்டிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கைகள் மெதுவாகிக்கொண்டு வந்ததை நான் முன்னால் நின்று பார்த்தேன். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

இத்தனை வருடம் இதை யோசித்துவிட்டேன். ரத்தம் கொதித்தால் அடக்கு என்பது நல்ல விதிதான், கொதிக்கிற உரிமை உள்ளவர்களுக்கு. எங்கள் வீட்டில் அதை அம்மா வேறு பெயரில் தினமும் சொல்லித்தந்தார், பேசாமல் வா, தலையைக் குனிந்து வா என்று. அதற்குப் பட்டி எதுவும் தரமாட்டார்கள். எனக்கு அன்று கிடைத்த கைதட்டல் எதற்கு என்று எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. ஐந்தும் ஒன்றாவது என்றால், மற்றவரை மதி என்பதும் ஒன்றாவதுதானே? சென்செய் ஒரு விதியை விளக்கப் போய் இன்னொன்றைத் தெரியாமல் மிதித்துவிட்டார். அவரிடம் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்து நினைத்து, ஒஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கறுப்புப் பட்டிக்கு முன்பே நின்றுவிட்டேன், பரீட்சை வருகிறது என்று காரணம் சொல்லி.

விழா முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றோம்.

"அந்த வார்த்த அவ்வளவு மோசமா புள்ள?"

"தெரியாதவங்கள அப்பிடிக் கூப்புட மாட்டாங்கப்பா."

"ஒனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்ப இருந்து?"

ஒரு பஸ் வந்தது, கூட்டம் என்று அப்பா அதை விட்டுவிட்டார். அடுத்ததையும் விட்டார். பிறகு, என்னிடம் கேட்கிற மாதிரி இல்லாமல் கேட்டார்.

"பியசேன என்னைய அப்பிடித்தானே கூப்புடுறான்."

"அது கூட்டாளிங்கப்பா. கூட்டாளிங்க அப்பிடித்தான் கூப்புடுவாங்க. அது பாசம்."

"முதல் நாள் ஸ்டோருக்குள்ள போறப்பவே அப்பிடித்தான் கூப்புட்டான். அப்ப நான் கூட்டாளி இல்லையே. தோட்டத்துல இருந்து வந்த ஒரு பய." ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்ப எதுன்னு நெனச்சுக் கூப்புட்டான்?" என்றார்.

என் சிங்களம் அப்பாவுடையதைவிட எவ்வளவோ சுத்தம். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பியசேன மாமாவிடமே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிக் கேட்கிற விஷயமா அது?

அதற்குப் பிறகு அப்பா பியசேன மாமாவை மஹத்தயா என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரே ஸ்டோரில் ஒரே பார்சல் சோறு தின்றவரை, ஐயா என்று. சண்டை எதுவும் இல்லை, முகத்தைத் திருப்பவில்லை, நல்ல மரியாதை. தீபாவளிக்கு வழக்கம் போலப் பியசேன மாமா வீட்டுக்கு வந்தபோது, எப்போதும் போல அடுப்படிக்குள் வந்து பலகையில் உட்காரப் போனவரை, அப்பா முன் அறைக்குக் கூட்டிவந்து நல்ல கதிரையில் உட்காரவைத்தார். தேத்தண்ணியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். பியசேன மாமா முறுக்கை இரண்டாக உடைத்து, தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். போகும்போது கேற்றடியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "துவ, அப்பாவுக்கு என்மேல் என்ன கோபம்?" என்று கேட்டார். துவ என்றால் மகள். கோபம் ஒன்றும் இல்லை மாமா என்றேன். அது பொய்யும் இல்லை. அடுத்த தீபாவளிக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த வருடம் கடை கைமாறி, ஆட்களைக் குறைத்து, அவர் குருநாகல் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அப்பா வெளியாட்களோடு சிங்களம் பேசுவதே மெல்லமெல்ல நின்றுபோனது. பஸ்ஸில் இறங்கவேண்டும் என்றால் என்னைப் பார்ப்பார், நான் சொல்வேன். கந்தோர்களுக்குப் போனால் நான் பேசுவேன், அவர் பக்கத்தில் தலையாட்டுவார். கம்பளையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது, சந்தையில் வழி கேட்பதற்குக்கூட அக்காவைத்தான் தள்ளிவிட்டார். அக்காவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்றாள். நாற்பத்தெட்டு வயதை வயது என்றால் வயதுதான்.

இப்போது அந்த மண்டபம் இல்லை. இடித்துவிட்டு டைல்ஸ் போட்ட இரண்டு மாடி கட்டியிருக்கிறார்கள், கீழே ஒரு மருந்துக்கடை. சென்செய் காலமாகிவிட்டார். பர்ஸானா கட்டாரில் இருக்கிறாள், பெருநாளுக்கு வட்டிலப்பம் படம் அனுப்புவாள். புடவைக்கடை கைத்தொலைபேசிக் கடையாகிவிட்டது. அப்பா போய் இரண்டு வருடமாகிறது. கடைசி வருடங்களில் வீட்டுக்குள் தமிழிலும் மெதுவாகத்தான் பேசினார்.

நான் கண்டியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். என் சிங்களத்தைக் கேட்டு யாரும் என்னைத் தமிழச்சி என்று சொல்லமாட்டார்கள். மஹத்தயா, நோனா, வயதான பெண்ணுக்கு அம்மே, தம்பி வயதுக்கு மல்லி, ஒருவருக்கும் ஒரு படி கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வயதானவர் அட்டையை மாற்றவேண்டும் என்று என் மேசைக்கு வந்தார். திரையைப் பார்த்துக்கொண்டே, "வாடிவென்ன மஹத்தயா" என்றேன், உட்காருங்கள் ஐயா என்று. உட்காரும் சத்தம் வரவில்லை. நிமிர்ந்தேன். பியசேன மாமா.

என்னை அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. மேசையில் என் பெயர்ப் பலகை இருக்கிறதே. மெதுவாக உட்கார்ந்து, "அப்பா எப்படி, மிஸ்?" என்றார். துவ என்று கூப்பிட்டவர். அப்பா போய் இரண்டு வருடம் என்று சொன்னேன். கடை மூடிவிட்டதால் யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் போய்விட்டது என்று ஏதேதோ குழறினேன். மாமா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதையும் மறந்து, உரத்த குரலில், "ஊ மட்ட கியன்னே நெதுவ கியா" என்றார். எனக்குச் சொல்லாமலே போய்விட்டான் அவன் என்று.

சிங்களத்தில் உம்பவுக்குப் படர்க்கைதான் ஊ. நாயையும் மாட்டையும் அப்படிச் சொல்வார்கள். செத்துப்போன ஒரு மனிதனை, அதுவும் அவன் மகளின் முன்னால் அப்படிச் சொல்ல, துக்கத்துக்கு வேறு சொல் இல்லாத கூட்டாளியால் மட்டும்தான் முடியும். வரிசையில் நின்ற ஒரு நோனா, என்ன மரியாதை தெரியாத கிழவன் என்பது போல அவரைப் பார்த்தார்.

பஸ் தரிப்பிடத்தில் அப்பா கேட்ட கேள்விக்கு அந்த ஓரெழுத்துதான் பதில். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்ல அப்பா இல்லை.